ஒரு வாய்க் காற்று

கெண்டை மீன் பலூனைக் காலால் மிதித்து உடைத்திருக்கிறீர்களா?

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க்கரை ஊர்களில் வளர்ந்தவர் என்றால், இந்நேரம் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கும். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசுவார். அவ்வளவுதான். கச்சா, ஊத்தா, கூடை, பழைய வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஊரே சேற்றில் இறங்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. கொல்லையில் அம்மா அரிவாள்மனையை வைத்துக்கொண்டு உட்காருவார். சாம்பல் தொட்டுச் செதில் உரசி, வயிற்றைக் கீறினால் குடலோடு சேர்ந்து வெள்ளையாக, பளபளவென்று, நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு பலூன் வரும். அதற்காகத்தான் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். திண்ணையில் வைத்துக் குதிகாலால் ஒரு மிதி. 'டப்!'

மீனின் காற்றுப்பை பற்றி நாற்பது வயதுக்கு மேல் வரை எனக்குத் தெரிந்தது அந்த 'டப்' மட்டும்தான். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். மீனுக்குள் எதற்குப் பலூன் என்று யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தவன் என்னோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன். படிப்பு முடிந்து நான் பத்திரிகைக்கு வந்தேன். அவன் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினைந்து வருடம் மற்றவர் கணக்கைப் பார்த்துவிட்டு, மேலூர் தாண்டியிருக்கும் அப்பாவின் நிலத்துக்குத் திரும்பிவிட்டான். பெரியாற்றுத் தண்ணீருக்கு அது கடைமடை. ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. நெல்லை நம்ப முடியாமல் குட்டை வெட்டி மீன் விட்டான். கட்லா, ரோகுவில் ஆரம்பித்து, நல்ல விலை போகிறதே என்று கொடுவா பக்கம் போனான். கொடுவா கடல் மீன்தான், ஆனால் பழக்கினால் நல்ல தண்ணீரிலும் வளரும். (முதலில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன் அது. அதைத் தனியாக ஒரு வாரம் எழுதுகிறேன்.)

முதல் தடவை வாங்கிய குஞ்சுகளில் பாதி, விரல் நீளம் வளர்ந்ததும் ஒரு மாதிரி நீந்த ஆரம்பித்தன. தலை மேலே, வால் கீழே. வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நாளில் முதுகு வளைந்தது. தீனி தின்றன, எடை ஏறவில்லை. கூன் விழுந்த மீனை யார் வாங்குவார்கள்? குஞ்சு விற்றவரிடம் கேட்டதற்கு, "இதெல்லாம் நார்மல்தாண்ணே" என்று சொல்லிவிட்டாராம்.

நண்பன் எனக்கு போன் போட்டான். "மாப்ள, ப்ராசஸ் காஸ்டிங் ஞாபகம் இருக்கா? நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ்?"

எப்படி மறக்கும்? அரியர் வைத்த பேப்பர் அது.

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு நிமிடம். நூறு கிலோ கடலையைச் செக்கில் ஆட்டினால், தூசி, ஈரம் என்று கொஞ்சம் போகும். அது எப்படியும் போகத்தான் போகும். அதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். அதற்குத் தனி மதிப்புப் போட மாட்டார்கள். அந்தச் செலவையும் நல்ல சரக்கின் தலையில் ஏற்றிவிடுவார்கள். மூட்டை கிழிந்து கொட்டினால்தான் அப்நார்மல் லாஸ். அதற்குத்தான் தனிக் கணக்கு, விசாரணை, விளக்கம் எல்லாம். ஆக, ஒரு நஷ்டத்தை 'நார்மல்' என்று எழுதிவிட்டால், அதைப் பற்றி அப்புறம் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

"இவன் நார்மல்னு சொல்றான் மாப்ள. எனக்குச் சந்தேகமா இருக்கு. அடுத்த தடவை குஞ்சு பொரிக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்து வாங்கப் போறேன். கூட வர்றியா?"

போனோம். கிழக்குக் கடற்கரையில் ஒரு பொரிப்பகம். தகர ஷெட்டுக்குள் வரிசையாக வட்டத் தொட்டிகள், அரையிருட்டு, காற்றுக் குழாய்களின் இரைச்சல், பாசி வாடை. பொறுப்பில் இருந்தது மீன்வளம் படித்த ஓர் இளம்பெண். நண்பன் சொன்னதை முழுசாகக் கேட்டாள். "தலை மேல, வால் கீழேயா? முதுகு உள் பக்கமா வளைஞ்சுதா? அதுங்களுக்குக் காத்துப்பை ஊதியிருக்காது சார்" என்றாள், வந்தவனைப் பார்த்ததும் ஜுரம் என்று சொல்லும் டாக்டர் மாதிரி.

பிறகு எங்களை ஒரு தொட்டிக்குக் கூட்டிப் போய் டார்ச் அடித்துக் காட்டினாள். தண்ணீரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், கண்ணாடி நூல் துண்டு மாதிரி, ஆயிரக்கணக்கில். பொரிந்து மூன்று நாள் ஆனவை.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். முட்டையிலிருந்து வரும்போது இந்தக் குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருதான் சாப்பாடு. இரண்டு, மூன்று நாளில் வாய் திறக்கும். அப்போது அதற்கு இரண்டு வேலை. ஒன்று சாப்பிடப் பழகுவது. இன்னொன்று, நீர்மட்டத்துக்கு ஏறி வந்து வெளிக்காற்றில் ஒரு வாய் விழுங்குவது. தொண்டைக்கும் காற்றுப்பைக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. விழுங்கிய காற்று அதன் வழியாகப் போய்ப் பையை ஊதிவிடும். சில நாட்களில் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். கொடுவா போன்ற மீன்களுக்கு அப்புறம் ஆயுசு முழுக்க அந்த வழி திறக்காது. ஊதிய பைக்குள் காற்றைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் பிறகு ரத்தத்தின் வழியாகத்தான். (நம் கண்மாய்க் கெண்டைக்கு மட்டும் அந்தக் குழாய் சாகும்வரை திறந்தே இருக்குமாம். கொடுத்து வைத்த மீன்.)

அந்த ஒரு வாய்க் காற்றைத் தவறவிட்ட குஞ்சு? தண்ணீரில் நிற்கத் தெரியாது. நாம் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்களே, அந்தக் குடுக்கை இல்லாமல் காலம் முழுக்க நீந்துவது மாதிரி. நிறுத்தினால் மூழ்கும். அதனால் தலையைத் தூக்கி ஓயாமல் வாலை அடிக்கும். தின்றதெல்லாம் அதற்கே செலவாகும். முதுகும் வளையும். நண்பனின் குட்டையில் நடந்தது அதுதான்.

"சரிம்மா, ஏன் சிலது மட்டும் விழுங்கல?" என்றான் நண்பன்.

அவள் நீர்மட்டத்தில் விரலைத் தொட்டு, டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். விரலில் லேசாக எண்ணெய் மினுக்கம்.

ஆறிய பாலில் ஆடை படிகிறதல்லவா? மூன்று மில்லிமீட்டர் உயிருக்குச் சாதாரண நீர்மட்டமே அப்படி ஓர் ஆடை. முட்டித்தான் கிழிக்க வேண்டும். அதன்மேல் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தால் தீர்ந்தது. அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது தெரியுமா? குஞ்சு நன்றாக வளர வேண்டும் என்று நாம் போடும் சத்துத் தீனியிலிருந்து! ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரினத்துக்கு மீன் கொழுப்பு ஊட்டி, அதைக் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். அந்தக் கொழுப்பு மேலே மிதந்து வாசலை அடைத்துவிடுகிறது. அதற்கு வைத்தியமும் எளிமையாக இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சின்னச் சட்டம் நீர்மட்டத்தில் மிதக்கிறது. ஒரு பக்கமிருந்து மெல்லிய காற்று அந்தப் படலத்தை அதற்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க வழித்து வழித்து எடுக்கிறார்கள். நம் வீட்டில் ரசத்தின் மேல் நுரை எடுப்பது போலத்தான்.

விற்பதற்கு முன் பரீட்சையும் வைப்பதுண்டாம். மயக்க மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் விட்டால் பை உள்ள குஞ்சு மிதக்கும், இல்லாதது அடியில் படுத்துவிடும். நண்பனுக்குக் குஞ்சு விற்றவர் இந்தப் பரீட்சையை வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் கேட்டேன். "இத்தனை லட்சத்துல எத்தனை பிழைக்கும்?" அவள் சொன்ன பதிலை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "பிழைச்சத எண்றது ஈஸி சார். காலைல வந்ததும் தொட்டி அடியில கிடக்கிறத எண்ணணும். அப்பத்தான் எதுக்குச் செத்துச்சுன்னு தெரியும்."

நம் நாட்டில் கொடுவாவை அடைத்து வைத்து முட்டையிட வைத்தது 1997-ல், சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-ல் கடல் விராலையும், 2011-ல் பாம்பனோவையும் அப்படிக் கொண்டு வந்தது. "இதெல்லாம் பரவால்ல சார், ஜப்பான்ல சூரையை வளர்த்த கதையைப் படிச்சுப் பாருங்க" என்று அந்தப் பெண் ஒரு கொக்கி போட்டுவிட்டாள். மதுரைக்குத் திரும்பிய பிறகு ஒரு வாரம் அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

சூரை என்றதும் உங்களுக்கு மாசிக் கருவாடு ஞாபகம் வரலாம். அது வரிச்சூரை. வேடிக்கை என்னவென்றால் அந்த மீனுக்குக் காற்றுப்பையே கிடையாது. பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் ஜாதி. ஜப்பான்காரர்கள் உயிரை விடுவது வேறொரு சூரைக்கு. நீலத்துடுப்புச் சூரை. நானூறு கிலோவுக்கு மேலும் வளரும். 2019 ஜனவரியில் டோக்கியோ ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடி யென்னுக்கு மேல் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 21 கோடி ரூபாய். ஒரு மீன்! கடலில் பிடித்துப் பிடித்துக் குறைந்துகொண்டே வந்ததால், இதைப் பண்ணையில் பெருக்க முடியுமா என்று 1970-ல் ஜப்பான் அரசு பணம் கொடுத்து ஆராய்ச்சியைத் தொடங்கியது. மூன்று வருடத்தில் பணம் நின்றது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். கிண்டாய் என்ற தனியார் பல்கலைக்கழகம் மட்டும் விடவில்லை. செலவுக்கு என்ன செய்தார்கள்? தாங்கள் வளர்த்த மற்ற மீன்களை மார்க்கெட்டில் விற்றார்கள். காமர்ஸ்காரனாக இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினேன்.

1979-ல் முதல் முட்டை. குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1983 முதல் பதினொரு வருடம் மீன்கள் முட்டையே போடவில்லை. யோசித்துப் பாருங்கள், பதினொரு வருடம் தொட்டி ஓரத்தில் நின்று காத்திருப்பதை. 1994-ல் மறுபடி போட்டன. பண்ணையில் பிறந்த மீனே முட்டையிட்டு, அதன் குஞ்சு வளர்ந்து வட்டம் முழுமையானது 2002-ல். ஆரம்பித்து முப்பத்திரண்டு வருடம். அப்போது தலைமை தாங்கிய ஹிதேமி குமாய், இளைஞராக உள்ளே வந்து முதியவராகியிருந்தார்.

குஞ்சு எப்படிச் சாகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பல வருடம் போயிருக்கிறது. முதல் ஓரிரு நாளில் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு செத்தன. சொட்டு எண்ணெய் விட்டால் ஒட்டாது என்று தெரிந்தது. விட்டார்கள். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து காற்று விழுங்க வேண்டுமே? எண்ணெய் இருந்தால் முடியாது. ஆக, முதலில் எண்ணெய் வேண்டும், பிறகு எண்ணெய் கூடாது! அந்த நாள் பார்த்து வழித்து எடுக்கப் பழகினார்கள். அப்புறமும் காலையில் வந்து பார்த்தால் தொட்டியின் அடியில் குவியலாகக் கிடந்தன. பகலில் நீந்துகிறவை, இரவில் அசந்ததும் மூழ்கி, தரையில் பட்டுச் செத்திருக்கின்றன. காற்றுப்பை ஊதாதவைதான் அதில் முதலில் போயின. இரவு முழுக்க அடியிலிருந்து காற்று விட்டு அவற்றைத் தூக்கியே வைத்தார்கள். விளக்கை அணைக்காமல் வைத்துப் பார்த்தார்கள். இதையெல்லாம் தாண்டியவை ஒன்றையொன்று தின்றன. அதையும் தாண்டியவை வேகம் கூடியதும் சுவரில் மோதிச் செத்தன. நூற்றுக்கு ஒன்று தேறினாலே அன்றைக்குத் திருவிழா.

அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை நார்மல் லாஸ் என்று எழுதி மூடிவிட்டுப் போயிருக்கலாம். கடலிலும்தான் லட்சத்துக்கு ஒன்றிரண்டு பிழைக்கிறது. யார் கேட்கப் போகிறார்கள்?

இதுவரைக்கும் படித்துக்கொண்டே வந்தவன், ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மீனின் காற்றுப்பையும் நம் நுரையீரலும் ஒரே வம்சம் என்று அங்கே போட்டிருந்தது. ஆதியில் இருந்தது நுரையீரல்தான், மீன்களில் அது பிற்பாடு மிதவைப் பையாக மாறியது என்கிறார்கள்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1987-ல். எனக்கு ஏழு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டாம் நாள் போய்விட்டாள். பெயர் வைக்கவில்லை. நான் பார்த்தது ஒரு பழைய புடவைத் துணியும் அதற்குள் வேகவேகமாக ஏறி இறங்கிய கொஞ்சூண்டு நெஞ்சும்தான். "மூச்சு விடத் தெரியாத புள்ள" என்று அப்பத்தா சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "வேணாம் வேணாம்னு சொல்லியும் தண்ணிக் குடம் தூக்குனா. பெறகு எப்படித் தங்கும்?" அந்த வார்த்தையை அப்பத்தா சாகும்வரை விடவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அம்மா ஒருதரம்கூட மறுத்துப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில், "குறைமாசம், இப்படித்தான் ஆகும்" என்று சொன்னார்களாம். நார்மல்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கில் குட்டிக் குட்டிக் காற்றறைகள். உள்ளே ஈரம். ஈரமான இரண்டு கண்ணாடியை ஒட்ட வைத்தால் பிரிக்க முடியாதே, அதுபோல அந்த அறைகளின் சுவர்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டாமலிருக்க உடம்பே சோப்பு மாதிரி ஒரு கொழுப்புப் படலத்தைச் சுரக்கிறது. எட்டு மாதத்தை ஒட்டித்தான் அது போதுமான அளவுக்கு வரும். ஏழாம் மாதத்துக் குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு மாதிரி முட்டி முட்டித் திறக்க வேண்டும். எத்தனை நேரம் முட்டும்? மீனுக்கு எண்ணெய் எமன். இங்கே எண்ணெய் இல்லாதது எமன். இரண்டிலும் வாசலில் நிற்பது அதே நீராடைதான்.

இந்தக் கொழுப்பு இல்லாததுதான் காரணம் என்று அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டர் 1959-ல் காட்டினார். 1963-ல் ஜனாதிபதி கென்னடியின் குறைமாதக் குழந்தை பாட்ரிக் இதே நோயில் இரண்டு நாள்கூட முழுதாக இல்லாமல் இறந்தது. 1980-ல் ஜப்பானிய டாக்டர் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்பைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பிழைக்க வைத்தார். அது விலை கூடிய வைத்தியம். என்னை உலுக்கியது இன்னொன்று. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள், குறைமாதத்தில் வலி வந்த தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் நுரையீரல் பக்குவப்படுகிறது என்று 1972-ல் எழுதிவிட்டார்கள். என் தங்கை பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முன்பு. உலகம் அதை முழு மனதாக ஏற்றுக்கொள்ள இன்னும் பல வருடம் ஆனது. நம் நாட்டில் கிராமச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அரசு வழிகாட்டுதல் கொடுத்தது 2014-ல்.

என் தங்கைக்கு இதுதான் என்று எந்தச் சீட்டிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு அவள் யார் கணக்கிலும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் எக்ஸ்.எல்.லில் வரும் மீன்காரரிடம் இரண்டு கிலோ கட்லா வாங்கினேன். வெட்டிக் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம், முழுசாகக் கொடுங்கள் என்றேன். அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மீன் ஆய்வதை வேறு யாரிடமும் விடமாட்டார். பின்பக்கம் உட்கார்ந்து வயிற்றைக் கீறியதும் அந்த வெள்ளைப் பலூன் வந்தது. என் மகன் மொபைலிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் கையில் வாங்கிக்கொண்டேன். அம்மா சிரித்தார். "இன்னமும் ஒடைக்கணுமாக்கும்?"

உடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொரிப்பகத்தில் பார்த்ததில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் காற்று, எண்ணெய் மினுக்கம், நுரையீரல் ஒட்டிக்கொள்வது. கடைசியில் அந்த ஊசி. அம்மா கை நிற்கவில்லை. செதிலைக் கழுவினார், துண்டு போட்டார், மஞ்சள் தடவினார்.

"அப்ப கொடம் தூக்குனதுனால மூச்சு நிக்கலையா?"

"இல்லம்மா. மூச்சு நின்னதுக்கும் கொடத்துக்கும் சம்பந்தமே இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அரிவாள்மனையைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஊசி என்ன வெலடா?"

ஒரு பாட்டில் டீ விலைதான் வரும் என்றேன்.

அம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அன்னைக்கு உங்கப்பா சட்டைப் பையில நாப்பது ரூவா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.